புளி போட்டுத் துலக்கிய ஜெர்மன் காசுகள்

இன்று காலை மருமகள் ரசத்துக்குப் புளி கரைத்தாள். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான், அந்த வாசனை மூக்கில் பட்டதும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். "இன்னா மாமா, தலை சுத்துதா?" என்று கரண்டியோடு பின்னாலேயே வந்தாள். ஒன்றுமில்லை என்றேன். வாழ்நாளெல்லாம் அமிலங்களோடு வேலை செய்த ஒரு கிழவன் புளிக்கரைசலுக்குப் பயந்து வாசலில் நிற்கிறான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் இறந்து ஒரு வருஷம் ஆன படையலுக்கு வந்துவிட்டுத் திரும்பிய நாளிலிருந்து எனக்கு இப்படித்தான் இருக்கிறது. அன்று உங்கள் வீட்டில் நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. இந்த வேப்பம்பட்டில் யாரிடம் சொன்னாலும், "பழைய காசுதானே, அதுக்கென்ன?" என்பார்கள். அது அப்படியில்லை என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பும் அன்றைக்கு ஆட்டம் கண்டுவிட்டது. ஆகவே வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் ஒருவேளை எனக்கே பிடிபடலாம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நம் தொழிற்சாலை வெளிநாட்டுச் செம்புக் கழிவை வாங்கி, உருக்கி, கம்பியாக இழுத்துக்கொண்டிருந்த காலம். நீங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். நான் பரிசோதனைக்கூடத்துக் கெமிஸ்ட். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் வந்து கதவைத் திறந்தால், யாரோ முகம் தெரியாதவர்களின் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களும், நசுங்கிய வெந்நீர்ச் சுருள்களும், தோல் உரித்த மின்கம்பிகளும் சரிந்து விழும். கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, செம்பு தனி, பித்தளை தனி, ஈயம் தனி என்று பிரிப்பார்கள். உலைக்கு முன்னால் முனுசாமி, முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் மதியம் நீங்கள் என் மேஜைக்கு வந்து, உள்ளங்கையைத் திறந்து நீட்டினீர்கள். கறுத்துப்போன ஒரு வட்டம், சட்டைப் பொத்தான் அளவு.

"லேப் சார், தேசம்மா கையில சிக்கிச்சு. இத்த உருக்கிடலாமா, வேணாமா? நீ சொல்லு."

பூதக்கண்ணாடியை எடுத்தேன். கல்லூரியில் வேதியியல் நூல்களுக்காக ஜெர்மன் மொழி கொஞ்சம் படித்திருந்தேன். அது அதற்கு முன்பு வாழ்க்கையில் எதற்கும் பயன்பட்டதில்லை. ஒரு பக்கம் கழுகு போட்ட கேடயம். அதைச் சுற்றி, முந்நூற்றறுபது சேர்ந்தால் ஒரு தாலர் என்று எழுத்து. மறுபக்கம் ஒரு பென்னிங் என்று மதிப்பு, பிரஷ்ய நாட்டின் 'சில்லறை நாணயம்' என்ற அறிவிப்பு. ஜெர்மனி ஒரே தேசமாகச் சேர்வதற்கு முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒவ்வொரு ராஜாவும் பிரபுவும் தனித்தனியாக அடித்துக்கொண்ட காசுகளில் ஒன்று அது. நான் படித்துச் சொல்லச் சொல்ல நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள்.

"காசு மேலயே சில்லறைன்னு அடிச்சி வெச்சிக்கீறான் பாரு! மறைக்கவே இல்ல. நம்ம கம்பெனி கார்டுல கூட நம்ம பேருக்குக் கீழ இப்படிப் போட்டிருக்கலாம், நைனா."

உருக்க வேண்டாம் என்றேன். அதுதான் தொடக்கம். மேனேஜர் ஒரு நிபந்தனையோடு அனுமதித்தார்: எடுக்கிற காசின் எடைக்குச் சமமான செம்பைக் குவியலில் திருப்பிப் போட்டுவிட வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு காசும் முதலில் என் தராசுக்கு வரும். நான் அதை நிறுப்பேன். நீங்கள் வீட்டுப் பழைய மோட்டாரிலிருந்து கொண்டுவந்த கம்பியில் அதே எடைக்குத் துண்டு நறுக்குவீர்கள். ஒரு நாட்டின் காசை எடுத்துக்கொண்டு, உங்கள் கம்மார்பாளையத்து வீட்டு மோட்டாரின் கம்பியை உலைக்குக் கொடுப்போம். கொஞ்சம் கூடுதலாகவே நறுக்குவீர்கள். "போனாப் போவுது, வட்டி" என்பீர்கள்.

கொட்டகையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "ஸ்டோர்ஸ் ஐயா, உங்க ஜெர்மனி டப்பு ஒண்ணு கெடச்சிருக்கு" என்று தேசம்மா குரல் கொடுப்பாள். பழவேற்காட்டு ஏரிப்பக்கத்துக் குப்பத்திலிருந்து அப்போதுதான் வேலைக்கு வந்து சேர்ந்த சின்னப் பெண். வலையில் சிக்கின நண்டை எடுப்பது போலக் குவியலிலிருந்து லாவகமாகக் காசை எடுப்பாள். முனுசாமியோ, "இதுக்கு இன்னா பவுசு? என் உலையில போட்டா அர நிமிசம் தாங்குமா?" என்று வம்புக்கு இழுப்பார். ஆனால் உலைக்குப் போகும் தொட்டியை ஒருமுறை கிளறிப் பார்க்காமல் கவிழ்க்க மாட்டார்.

கன்டெய்னரில் கிடைப்பது அபூர்வம்தான். ஆனாலும் வருஷங்கள் போகப் போகச் சேர்ந்துவிட்டது. சாக்சனி, ஹனோவர், பவேரியாவின் சாய்சதுரக் கட்டங்கள், பிராங்பர்ட் நகரத்து ஹெல்லர், ஒரு கிராமத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிரபுநாடுகளின் கால் குரூசர் காசுகள். ஒவ்வொன்றுக்கும் நான் சிறிய காகித உறை ஒட்டி, நாட்டின் பெயரும் எடையும் எழுதினேன். உங்கள் வீட்டில் இரும்பு பீரோ இருந்ததால் அங்கே வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் ரயிலேறி வருவேன். உங்கள் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் செம்பத் துன்றீங்களா, இல்ல பஜ்ஜி போடட்டுமா?" என்பார்.

வெள்ளிக்காசும் வாங்கலாமே என்று ஒருமுறை நான் கேட்டபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது: "வெள்ளி வேணாம் சார். அது பெட்டியில தூங்கின காசு. இது கீர வாங்கின காசு."

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒரு காசை எடுத்து லுங்கி முனையால் தேய்க்கப் போனீர்கள். நான் கத்திவிட்டேன். நான் கத்தி நீங்கள் கேட்டது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன். செம்பின் மேல் நூறு நூற்றைம்பது வருஷமாகக் காற்று ஏற்றிய அந்தப் பழுப்புத் தோல்தான் காசின் வயது, அதைத் தேய்த்தால் திரும்பி வராது, சேகரிப்பவர்கள் யாரும் கழுவ மாட்டார்கள் என்று விளக்கினேன். பாடம் மாதிரி நீளமாகவே சொன்னேன். நீங்கள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "தொடல நைனா, தொடல" என்று சிரித்தீர்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் போன பிறகு ஒரு வருஷமாக நான் காசுகளைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்பதற்குக் கூச்சம். துக்க வீட்டில் போய்ச் செம்புக்காசு கேட்பதா என்று ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போட்டேன். பிறகு உங்கள் மனைவியே கூப்பிட்டார். "அண்ணே, அவருக்கு வருஷம் வருது. காலையிலயே வந்துடுங்க. காசெல்லாம் எடுத்து வெச்சிக்கினு கீறேன்."

எனக்குத் தருவதற்காகத்தான் எடுத்து வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதற்கு? ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு பரப்பி, உறைகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் நிற்க அட்டைத் தடுப்பு வைத்துத் தயார் செய்தேன். பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறும்போது படிக்கட்டில் கால் வலித்தது. டப்பாவை மட்டும் யார் மேலும் இடிபடாமல் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பிறகு எங்கே கொடுப்பது, காசுகள் பிரியாமல் ஒரே இடத்தில் இருக்க என்ன வழி என்றெல்லாம் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் உங்கள் படம் மாலையோடு இருந்தது. அதற்கு முன்னால் தலைவாழை இலை. இலையில் வடை, பாயசம், கருவாட்டுக் குழம்பு, உங்களுக்குப் பிடித்த டீ ஒரு தம்ளரில். இலையின் நடுவில், ஒரு தாம்பாளத்தில், எதுவோ பளபளவென்று குவிந்து கிடந்தது. மாலையில் இருந்து உதிர்ந்த ஜரிகைப் பொட்டுகள் என்று முதலில் நினைத்தேன்.

குனிந்து பார்த்தேன். அவ்வளவும் நம் காசுகள்.

எப்படிச் சொல்வேன்? தோல் உரித்த சதை மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தன. கழுகும் கிரீடமும் கட்டங்களும் கண்ணைக் கூசவைத்தன. ஒன்றோடொன்று கலந்து, உறை இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. கூடம் முழுக்கப் புளி வாசனை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா கீதாண்ணே?" உங்கள் மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நேத்துலேர்ந்து ஒக்காந்து தேச்சேன். வெரல் வெந்துபூடுச்சு. படையல்ல வெக்கிற பொருளு சுத்தமா இருக்கணும் இல்ல? பூஜ சாமான் மாதிரிதான், புளியும் உப்பும் போட்டு."

"உறை..." என்றேன்.

"காயிதமா? அது மஞ்சளாப் பூச்சி அரிச்சுப்போய்க் கெடந்துச்சு. அடுப்புல போட்டேன்."

அவர் விரல்நுனிகள் புளியில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்ததைப் பார்த்தேன். அந்த விரல்களைப் பார்த்த பிறகு எதுவும் சொல்ல எனக்கு என்ன உரிமை? தலையை ஆட்டினேன். ஒரு ஆறுதல் மட்டும் மிச்சம் இருந்தது. போனது தோல்தான், காசுகள் எல்லாம் இருக்கின்றன, ஒன்றாக இருக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி உறை போடலாம்.

பிறகு தேசம்மா வந்தாள். முனுசாமி வந்தார். கொட்டகையில் பிரித்தவர்கள், வண்டியில் ஏற்றினவர்கள், கேட்டில் நின்றவர் என்று நம் பழைய ஆட்கள் கூடத்தை நிறைத்தார்கள். கற்பூரம் காட்டிக் கும்பிட்டோம். அப்போதுதான் உங்கள் மனைவி தாம்பாளத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"அண்ணே, ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துடுங்க. எது எந்த ஊருன்னு உங்களுக்குத்தானே தெரியும். சொல்லிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் வாய் என்னை மீறிப் பேசிவிட்டது.

"வேண்டாம்மா!"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "இதைப் பிரிக்கக்கூடாதும்மா. ஒண்ணா இருந்தாத்தான் இது... அவரும் நானும் இத்தனை வருஷமா... இது அவருக்கே பிடிக்காது."

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் பக்கத்தில் வந்து சொன்னார்:

"அவருதாண்ணே சொன்னாரு. ஆஸ்பத்திரில. 'காசெல்லாம் புளி போட்டுத் தொலக்கு, பொறுக்கினவங்களுக்கே குடுத்துடு. அழுக்காக் குடுத்தா எவனும் வெச்சிக்க மாட்டான்'னாரு. 'வாழ்க்கையில ஒரு வாட்டியாவது இத்தப் பளபளன்னு பாக்கணும்னு ஆசை, லேப் சாரு உடமாட்டேன்னாரு'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. 'அப்போ இப்பவே தேச்சிக் காட்டட்டுமா'ன்னு கேட்டேன். 'வேணாம், அவரு வந்து பாத்தா மனசு ஒடிஞ்சிப்பூடுவாரு. நான் போனப்புறம் செய்'னாரு."

தாம்பாளம் என் கையில் கிடுகிடுவென்று ஆடியது. காசுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

இத்தனை வருஷம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் முன்னால் உட்கார்ந்து, நாம் சேர்க்கிறோம், நம்முடைய விதி, நம்முடைய சேகரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு ஆசையாக இருந்தது இவ்வளவு சின்ன விஷயம். லுங்கியால் ஒரு தேய் தேய்த்துப் பார்ப்பது. நான் வருத்தப்படுவேன் என்பதற்காக அதைச் சாவுக்குப் பின்னால் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். உங்களை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்போது அங்கே நின்ற எல்லோரையும்விட எனக்குத்தான் குறைவாகத் தெரிந்திருக்கிறது போல இருந்தது.

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன். "எனக்கு எதைக் கொடுக்கச் சொன்னார்?"

உங்கள் மனைவி முந்தானையைத் திருகினார். "அதுவும் கேட்டேண்ணே. 'லேப் சாருக்கு எதுக்கு? அவருக்கு அம்புட்டும் மனப்பாடம். அவருகிட்டக் குடுத்தா பீரோவுலதான் வெப்பாரு'ன்னாரு. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். மறைக்க மாட்டேன். அந்த நிமிஷம் உங்கள் படத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ரயிலேறி வீட்டுக்குப் போய்விடலாம் என்று வாசலைப் பார்த்தேன். ஆனால் தாம்பாளம் என் கையில் இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சார்," என்றார் முனுசாமி, "தங்கத் தட்டா அது? கையி இந்த ஆட்டம் ஆடுது. குடுங்க, எனுக்கு எந்த ராஜா?"

ஒரு காசை எடுத்தேன். கிரீடம் போட்ட காசு. "ஹனோவர்" என்றேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "அட, கிரீடம்லாம் கீதே! இத்தனி வருசமா கறுப்பாப் பாத்துட்டு, ஏதோ ஆணித் தலைன்னு நெனச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேட் வாட்ச்மேனுக்கு சாக்சனி. வண்டி ஏற்றினவருக்குக் கழுகு போட்ட பிராங்பர்ட். "இது சண்ட போடுற கழுகா, சும்மா ஒக்காந்திருக்கிற கழுகா?" என்று அவர் கேட்டார். சும்மா இருக்கிற கழுகுதான் என்றேன். "அப்போ நம்ம ஜாடைதான்."

உறை இல்லாமல் எது எது என்று சொல்ல முடியுமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. கையில் எடுத்தால் எடையிலேயே தெரிந்துவிட்டது. இரண்டில் தடுமாறினேன். அவற்றை உற்றுப் பார்த்தபோது, கழுகின் கால்விரல்களுக்கு இடையில் காசு அடித்த சாலையின் எழுத்து ஒன்று தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்து எத்தனையோ முறை பார்த்தும் நான் கண்டதில்லை. பழுப்புத் தோலுக்கு அடியில் இருந்திருக்கிறது.

தேசம்மாவுக்கு லிப்பே நாட்டுக் காசு. அதன் நடுவில் ஒரு ரோஜாப்பூ. அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரவிக்கைக்குள் இருந்த சின்னப் பையில் போட்டுக்கொண்டாள்.

தாம்பாளம் காலியானது. இருபது வருஷத்துக்கும் மேல் சேர்த்தது, பாயசம் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நான் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. கிளம்பும்போது உங்கள் மனைவி என் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "டப்பா சும்மா கீதேன்னு வட வெச்சிருக்கேண்ணே. பஞ்சு, அட்டையெல்லாம் எதுக்கோ கெடந்துச்சு, எடுத்து வெளிய போட்டுட்டேன்."

பொன்னேரி தாண்டும்வரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவர், "பெரியவரே, வடை வாசனை தூக்குது" என்றார். திறந்து அவருக்கு ஒன்று கொடுத்தேன். நானும் ஒன்று சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு போன். எங்கள் வீட்டில் போனை மருமகள்தான் எடுப்பாள். "மாமா, யாரோ தேசம்மாவாம், உங்களைத்தான் கேக்குது" என்று நீட்டினாள்.

"சார், அந்த ரோசாப்பூ காசு. அது எந்த ஊருன்னு சொன்னீங்க? மறந்துபூட்டேன். என் பேத்தி கேட்டுக்கினே கீறா."

"லிப்பே."

"லிப்பே. எங்கீது அது?"

"இப்போ அந்த நாடே இல்லைம்மா. ஜெர்மனியோட சேர்ந்துபோச்சு. முன்னால ஒரு குட்டி நாடு. நம்ம தாலுக்கா மாதிரின்னு வெச்சிக்கோயேன்."

"அட பாவமே." கொஞ்சம் யோசித்தாள். "நல்லாத்தான் கீது சார் அவளுக்கு. அரணாக் கயித்துல கோத்து இடுப்புல கட்டி உட்டுட்டேன். நடந்தா டிங்கு டிங்குன்னு தட்டுது."

"கோத்தியா? எப்படிக் கோத்த?"

"வெல்டிங் கடையில குடுத்து ஓட்ட போட்டேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். புளியாவது தோலோடு நின்றது. துளை! துரப்பணம் செம்புக்குள் இறங்குகிற சத்தம் என் பல்லில் கேட்டது. மருமகள் தண்ணீர் எடுத்துவர ஓடினாள்.

"சார்? லைன்ல கீறீங்களா? பயப்படாதீங்க சார், பூவு மேல போடல. அந்த ஆளு நடுவுல போடறேன்னுதான் சொன்னான். நான் உடலியே. ஸ்டோர்ஸ் ஐயா காசு, பூவு மேல கை வெச்சா தொலச்சிடுவேன்னு சொல்லி, ஓரமா, விளிம்புல போடச் சொன்னேன். பக்கத்துல நின்னு பாத்துக்கினே இருந்தேன். பூவு முழுசா கீது."

அப்புறம், "விளிம்புல எழுத்து எதுவும் போகலையே?" என்று கேட்டேன். எண்பதை நெருங்குகிறவன் கேட்கிற கேள்வியா அது? அவள் குழந்தையைக் கூப்பிட்டு, நிற்கவைத்து, பார்த்துவிட்டு வந்து, "எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுலதான் போட்டிருக்கான்" என்றாள். குழந்தை போனை வாங்கி, "லிப்பே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டது.

அதிர்ச்சி இன்னும் முழுசாக விலகவில்லை. நீங்கள் செய்தது சரி என்று எழுதித் தர என்னால் இப்போதும் முடியாது. புளி போட்டது தவறு. செம்பைப் பற்றித் தெரிந்தவன் வேறு மாதிரி சொல்ல முடியாது. எனக்கு ஒன்றுகூடத் தராதது வலிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் போனுக்குப் பிறகு கேட் வாட்ச்மேனும் கூப்பிட்டார். சாக்சனி என்றால் என்ன, கேடயத்தில் குறுக்கே போகிற பட்டை எதற்கு என்று கேட்டார். கண்ணை மூடினேன். காசு அப்படியே வந்து நின்றது, அதன் எடையோடு. சொன்னேன். "இரு சார், எழுதிக்கறேன்" என்றார்.

முனுசாமி இன்னும் கேட்கவில்லை. அவரிடம் இருப்பதில் கிரீடத்துக்குக் கீழே உள்ளவை ராஜாவுடைய பெயரின் எழுத்துகள், ஒன்றோடொன்று பின்னிப் போட்டவை. தினமும் காலையில் காப்பி குடித்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்: எந்த நாடு, என்ன எடை, இப்போது யார் வீட்டில். போன் அடித்தால் மருமகளுக்கு முன்னால் நானே போய் எடுக்கிறேன்.